கடற்காற்று டேங்கருக்குள் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் அறிவியல் பக்கத்தில் ஒரு வாசகரின் கேள்விக்கு, சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம், அதனால் நிலைமின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று பதில் போட்டிருந்தீர்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். தண்டையார்பேட்டைப் பக்கம் டேங்கர் லாரிகளுக்கு பெட்ரோல் லோடு ஏற்றும் இடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி பாடத்தில் படித்ததைச் செய்து பார்க்க, தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளிடம் கொண்டுபோனாள். ஒன்றும் அசையவில்லை. எங்கள் வீட்டிலிருந்து காசிமேடு கடற்கரை நடக்கிற தூரம்தான். சீப்பின் மேல் படிகிற ஈரத்தின் வழியாகவே மின்னூட்டம் கசிந்து போய்விடுகிறது. அதே சீப்பு மே மாதத்தில், வறண்ட மேல்காற்று அடிக்கிற காலை வேளையில், கடற்காற்று எழும் முன்பு நன்றாக இழுத்தது. என்ன, அப்போது பள்ளிக்கூடம் லீவு.

டேங்கருக்குள் நடப்பது வேறு. பெட்ரோல் குழாயிலும் ஃபில்டரிலும் பாய்ந்து வரும்போது ஒரு வகை மின்னூட்டம் குழாய்ச் சுவரில் தங்கிவிடும், எதிர் வகை பெட்ரோலோடு சேர்ந்து டேங்குக்குள் இறங்கிவிடும். பெட்ரோல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. வந்தது உடனே வெளியேறாது. வெளியே அடைமழை கொட்டினாலும் உள்ளே இருக்கிற பெட்ரோலுக்கு அது தெரியாது! மூடியைத் திறக்கும் முன்பே எர்த் கிளிப் மாட்டச் சொல்வது இதற்காகத்தான். லோடிங் குழாயின் முனை பெட்ரோலில் மூழ்கும்வரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் விட மாட்டோம்.

ஒருநாள் லோடு முடிந்த கையோடு, புதிதாக வந்த கிளீனர் பையன், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அளக்கிற உலோகக் கம்பியான டிப் ராடைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். "டேய் தம்பி, இறங்குடா! கொஞ்சம் ஆறட்டும்" என்று கத்தினேன். "ஆறுறதுக்கு இது என்ன டீயாண்ணே? அதான் கிளிப் மாட்டியிருக்கே" என்றான். கிளிப், டேங்கின் தகட்டில் இருப்பதை மண்ணில் இறக்கிவிடும். பெட்ரோலுக்குள் இருப்பது தகடு வரை வந்து சேரச் சில நிமிடமாவது பொறுக்க வேண்டும். அதற்குள் உலோக ராடை நீட்டினால் அதன் முனையில் மின்புலம் குவிந்துவிடும். கூரான இடத்தில் மின்புலக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வரைதான் தாங்கும், அதாவது ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு 3,000 வோல்ட். தாண்டினால் பொறி. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள, பொறியில் கால் மில்லிஜூல் ஆற்றல் இருந்தால் போதும். மனித உடம்பில் 3,000 வோல்ட் ஏறியிருந்தாலே கிட்டத்தட்ட அரை மில்லிஜூல் இருக்கும். பையனிடம் இவ்வளவும் அன்று சொல்லவில்லை. திட்டத்தான் நேரம் இருந்தது.

திருத்தம் போடுவீர்கள் என்றால் பங்க்குக்குக் கேன் கொண்டுவருபவர்களுக்கும் இரண்டு வரி சேருங்கள். வண்டியில் வைத்தபடியே பிடிக்கிறார்கள். உலோகக் கேனைத் தரையில் இறக்கி வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்கப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் கேனைத் தரையில் வைத்தாலும் அதன் மேலிருக்கும் மின்னூட்டம் முழுசாக இறங்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லோடிங் தொழிலாளி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81