பலகையில் அந்த விமானத்தின் சொந்தக் கதையை எழுதுங்கள்

பழைய விமானங்களைக் காத்துவரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலரிடம் டக்ளஸ் டிசி-3 என்ற பழைய பயணிகள் விமானம் ஒன்று இருக்கும், இல்லையென்றால் அதன் ராணுவ வடிவமான சி-47 இருக்கும். பக்கத்துப் பலகையில் என்ன இருக்கிறது? முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17, எஞ்சின் இரண்டு, இறக்கையின் நுனியிலிருந்து நுனிவரை 29 மீட்டர், ராணுவத்துக்கு மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். எல்லாம் சரி, ஆனால் அது அந்த ரகத்தின் வரலாறு. எதிரே நிற்கும் இந்த ஒரு விமானம் எப்போது தொழிற்சாலையை விட்டு வந்தது, யாரிடம் இருந்தது, எதைச் சுமந்தது என்பதற்குப் பல இடங்களில் ஒரு வரிகூடக் கிடையாது.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ‘தட்ஸ் ஆல், பிரதர்’ என்ற சி-47 போதும். 1944 ஜூன் 6 அதிகாலையில் நேச நாட்டுப் படையெடுப்புக்காகப் பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சின் நார்மண்டிக்குப் போன எண்ணூறுக்கும் மேற்பட்ட விமானங்களின் பிரதான அணிக்கு முன்னால் பறந்தது அதுதான். போர் முடிந்ததும் விற்றுவிட்டார்கள். கை மாறி, பெயிண்ட் மாறி, கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில், உள்ளே எல்லாவற்றையும் பிரித்துவிட்டு டர்பைன் எஞ்சின் பொருத்துவதற்காகக் காத்துக் கிடந்தது. அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த ஒரு வரலாற்று ஆய்வாளர் தொடர் எண்ணைப் பிடித்துக்கொண்டே போனதால்தான் அது பிழைத்தது. 2018-ல் மறுபடி பறந்து, 2019-ல் 75-ஆம் ஆண்டு நினைவு நாளுக்காக நார்மண்டிக்கே போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணை யாரும் தேடாமல் விட்டிருந்தால்?

இன்னொன்று, பெயிண்ட். எங்கோ சரக்கு ஏற்றிப் பிழைத்த விமானத்துக்கு, நார்மண்டிக்குப் போன விமானங்களில் இருந்ததுபோலக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, வேறொரு புகழ்பெற்ற விமானத்தின் எண்ணையும் எழுதி நிறுத்துகிறார்கள். அப்படி அடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதைப் பலகையில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்து, நார்மண்டிக்குப் போன விமானம் இதுதான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சரக்கு ஏற்றியதும் மரியாதையான வாழ்க்கைதானே! வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்தில் தொங்கும் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் டிசி-3 குண்டு மழையில் பறந்ததல்ல, பயணிகளோடு 56,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தது, எனக்கு அந்த எண்ணே போதும்.

எஞ்சின்கள் எத்தனையோ முறை மாறியிருக்கும், தகடுகளில் ஒட்டு விழுந்திருக்கும், வால் பக்கம் இடப்புறத்தில் உள்ள அகலமான இரட்டைக் கதவைப் பார்த்தாலே ராணுவச் சரக்குக்காகப் பிறந்தது என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் பார்வையாளருக்குக் காட்டிக் கொடுங்கள். தயாரிப்பு எண், பழைய பதிவு எண்கள், வைத்திருந்தவர்கள், பறந்த மணி நேரம், இப்போதைய பெயிண்ட் யாருடையது, இவ்வளவு போதும். நடுவில் சில வருடங்கள் தெரியவில்லையா, தெரியவில்லை என்றே எழுதி வையுங்கள். பார்க்க வருகிற யாராவது ஒருவரின் வீட்டில், அந்த எண்ணோடு ஒரு பழைய புகைப்படமோ பறந்த விவரங்களை எழுதிவைத்த லாக் புத்தகமோ இருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்