பதிவேடுகளுக்கு இடையில் விடுபட்டவர்கள்: ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

திருச்சபைகளை நடத்தும் ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் கர்த்தருக்குள் வாழ்த்துகள்.

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் ஐக்கியம், மாதர் சங்கம், முதியோர் கூட்டம் என வயதுக்கு ஒன்றாக அமைப்புகள் நம்மிடம் உண்டு. ஆனால் ஒன்றை முடித்து அடுத்ததில் சேராமல் நிற்கும் இடைவெளியில்தான் பலர் சபையை விட்டு விலகுகிறார்கள் என்பதை என் வகுப்புப் பதிவேடே எனக்குக் காட்டியது. தங்கள் விசுவாசத்தைச் சபையார்முன் அறிக்கையிடும் திடப்படுத்தலைப் பெற்று, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் முதன்முறை பங்கெடுத்த பிள்ளைகளுள் சிலரின் பெயர்கள் அடுத்த ஆண்டு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைத் தேடும் பொறுப்பு எனக்கும் தரப்படவில்லை, வாலிபர் ஐக்கியச் செயலருக்கும் தரப்படவில்லை. பொறுப்பு இல்லை என்பதால் நானும் தேடவில்லை.

1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு பெற ஞாயிறு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அங்கே தேவை முதலில் தெரிந்தது, அமைப்பு பிறகு வந்தது. நாமோ அமைப்பை வைத்துக்கொண்டு அதற்கு ஆள் சேர்க்கிறோம்.

நடுவயதினரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நினைவிழந்த தாயை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் ஐம்பது வயது மகளை எண்ணிப் பாருங்கள். படுக்கையிலிருக்கும் தாய்க்கு ஆயர் வீடு தேடிச் சென்று திருவிருந்து கொடுக்கிறார். மகள் ஆராதனைக்கு வந்து எத்தனை மாதமாயிற்று என்று எவரும் கேட்பதில்லை. அவருடைய காணிக்கை உறை மட்டும் தவறாமல் வந்துவிடுவதால், அவர் வராதது கணக்கில் தெரிவதும் இல்லை. அவருக்கு இன்னொரு ஜெபக்கூட்டம் வேண்டியதில்லை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தாயின் அருகில் அமர, தாய்க்குப் பழக்கமான இருவர் முறைவைத்து வந்தால் போதும். எருசலேமின் ஆதித் திருச்சபையில், கிரேக்க மொழி பேசிய விதவைகள் பந்தி விசாரணை எனும் அன்றாட உணவுப் பகிர்வில் கவனியாமல் விடப்பட்டபோது, அப்போஸ்தலர் புதிய கூட்டம் எதையும் தொடங்கவில்லை. அதற்கென்றே ஏழு பேரை நியமித்தார்கள்.

திருமணமாகாதவர்களும் பிள்ளையில்லாதவர்களும் குடும்ப ஞாயிறு அன்று எங்கே உட்காருவது என்று தயங்குவதையும், துக்க வீட்டுக்கு முதல் வாரம் திரண்டு போகும் நாம் ஆறாம் மாதம் அந்தத் தெருவையே மறந்துவிடுவதையும் நீங்கள் அறிவீர்கள்.

முதியோரைப் பெறுகிறவர்களாக மட்டுமே நடத்துவதும் சரியல்ல. இஸ்ரவேலரின் ஆசரிப்புக் கூடாரத்தில், அதாவது வழிபாட்டுக் கூடாரத்தில், பணி செய்த லேவியர் 50 வயதில் பணியின் பாரத்திலிருந்து விடுபட்டாலும், தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கலாம் என்று எண்ணாகமம் எட்டாம் அதிகாரம் இடம் வைத்திருக்கிறது. தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும் அப்போஸ்தலர் பவுல், அது முந்தி நிலைத்திருந்த இடமாகத் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைக் குறிப்பிடுகிறார். மூத்தோர் ஞாயிறு அன்று ஆண்டுக்கொருமுறை மரியாதை செய்து அனுப்பிவிடும் அந்தப் பாட்டிமாரிடம், திடப்படுத்தல் பெற்ற பிள்ளைகளை ஆளுக்கு ஒருவராக ஒப்படைக்கலாமே.

அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லாப் பதிவேடுகளையும் ஒரே மேசையில் விரித்து, ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாமற்போன பெயர்களைக் குறித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரைப் போய்ப் பார்க்கப்போகிறவரின் பெயரையும் எழுதும்படி வேண்டுகிறேன். என் பழைய வகுப்பின் பெயர்களுக்கு எதிரே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை