ரோமின் அதிகாரப் பகிர்வு: கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய ரோமக் குடியரசு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று இன்று நாம் பிரித்துப் பேசும் மூன்றும் அங்கேயே முளைத்துவிட்டன என்று முடிகிறது. வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கட்டுரையாளர் துணைக்கு அழைக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸே கான்சல் (தலைமை ஆட்சியாளர்), செனட் (மூத்தோர் அவை), மக்கள் என்ற மூன்று தரப்புகளைப் பற்றித்தான் எழுதினார்; மூன்று துறைகளைப் பற்றி அல்ல.

மரபுக் கணக்குப்படி கி.மு. 509இல் மன்னரைத் துரத்திய ரோமானியர்கள், அவருடைய அதிகாரத்தைத் துறைவாரியாகக் கூறுபோடவில்லை. அதை ஏறக்குறைய முழுதாகவே இரண்டு கான்சல்களிடம் ஒப்படைத்து, ஓராண்டுதான் பதவி என்று கெடு வைத்தார்கள். படை நடத்தியவரும், செனட்டைக் கூட்டியவரும், மக்கள் அவையில் சட்டத்தை முன்மொழிந்தவரும் ஒரே ஆள்தான். வழக்குகளைக் கவனித்த பிரீட்டரும் தேவைப்பட்டால் படைக்குத் தலைமை ஏற்றார். ஒரு கான்சலை அடக்க இன்னொரு துறை இருக்கவில்லை, அவருக்குச் சமமான சக கான்சல் இருந்தார். அவர் குறுக்கே நின்றால் ஆணை அங்கேயே நின்றுபோகும். கான்சலுக்கு முன்னால் பிரம்புக்கட்டு சுமந்து சென்ற 12 ஏவலர்கள், நகர எல்லைக்குள் நுழையும்போது அதில் செருகியிருந்த கோடரியை எடுத்துவிட வேண்டும் என்ற வழக்கத்தைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நகருக்குள் குடிமகனின் உயிர் கான்சலின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல, மேல்முறையீடு உண்டு என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. (இரு கான்சல் என்ற ஏற்பாட்டுக்கு விலையும் இருந்தது: கி.மு. 216இல் கன்னேயில் இரு கான்சல்களும் நாள்விட்டு நாள் தலைமை மாறினர் என்றும், அந்தப் போரில் ரோமப் படை அழிந்தது என்றும் பழைய ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.)

செனட் சட்டப்படி ஆலோசனை மட்டுமே கூறலாம். ஆனால் கருவூலம் அதன் பிடியில் இருந்ததால் அந்த ஆலோசனையை மீறத் துணிந்தவர்கள் குறைவு. மக்கள் அவையிலும் எல்லா வாக்கும் சமமல்ல. கான்சலைத் தேர்ந்தெடுத்த அவையில் பிரிவுக்கு ஒரு வாக்குதான்; அதன் 193 பிரிவுகளில், பழைய முறைப்படி குதிரைப்படையினரும் முதல் வகுப்புச் செல்வர்களும் மட்டுமே 98 பிரிவுகளை வைத்திருந்தார்கள். அவர்கள் ஒத்துப்போனால் ஏழைகளின் முறை வருவதற்குள் வாக்கெடுப்பே முடிந்துவிடும்.

எளிய மக்களுக்குக் கிடைத்த உண்மையான கருவி டிரிபியூன் பதவிதான். கி.மு. 494இல் அவர்கள் நகரைவிட்டு வெளியேறிக் குன்றில் போய் அமர்ந்து பெற்ற பதவி அது. டிரிபியூனுக்குப் படை கிடையாது. ‘தடுக்கிறேன்’ என்று சொல்லும் உரிமையும், அவர்மேல் கைவைக்கக் கூடாது என்ற சத்தியக் காவலும் உண்டு. உதவி கேட்டு வருவோருக்காக அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும்.

இதை வலியுறுத்தக் காரணம், குடியரசு எப்படி முடிந்தது என்பதைக் கட்டுரையின் சட்டகத்தால் விளக்க முடியாது. ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் எந்தப் பதவியையும் ஒழிக்கவில்லை. கி.மு. 23இல் கான்சல் பதவியைத் துறந்துவிட்டு, பட்ரீசியர் (உயர்குலத்தவர்) என்பதால் தாம் வகிக்கவே முடியாத டிரிபியூன் பதவியின் அதிகாரத்தை மட்டும் தனியே கழற்றி வாழ்நாள் முழுவதற்கும் பெற்றுக்கொண்டார்; தம் ஆட்சியாண்டுகளையும் அந்த அதிகாரத்தைக் கொண்டே எண்ணி நாணயங்களில் பொறித்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்