கோட்டையைக் காத்தது அரசல்ல, பங்காளிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்காட்லாந்துக் கோட்டைகள் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. ஐலீன் டோனன் கோட்டைப் படத்தின் கீழே, ‘பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது’ என்று போட்டிருக்கிறீர்கள். இன்னோர் இடத்தில், ‘இந்தக் கோட்டைகளை எல்லாம் அரசு கண்ணும் கருத்துமாகப் பராமரிக்கிறது’ என்று ஒரு வரி. ஸ்காட்லாந்தின் பெர்த் பக்கம் குடியேறி, கட்டட வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

ஐலீன் டோனனை 1719இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் பீரங்கியால் அடித்துத் தகர்த்தன. உள்ளே இருந்தவர்கள் பிரிட்டிஷ் அரசை எதிர்த்த கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவ வந்த ஸ்பெயின் நாட்டு வீரர்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகள் அது வெறும் கற்குவியல். மெக்ரே குலத்தைச் சேர்ந்த ஜான் மெக்ரே கில்ஸ்ட்ராப் 1911இல் அந்தத் தீவை விலைக்கு வாங்கி, 1932இல்தான் கட்டி முடித்தார். உங்கள் அட்டைப்படத்தில் அழகாக வளைந்து போகிறதே, அந்தக் கல்பாலமும் அப்போது வந்ததுதான். நாம் பார்ப்பது ஏறக்குறைய நம் தாத்தா காலத்துக் கட்டடம்.

அரசு ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லவில்லை. எடின்பரோ, ஸ்டெர்லிங் கோட்டைகள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்கள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. மற்றவற்றுக்கும் அவ்வப்போது மானியம் உண்டு. ஆனால் தனியார் கையிலும் அறக்கட்டளைகள் கையிலும் இருக்கும் கோட்டைகளின் கதை வேறு. கட்டுரையில் விட்டுப்போன மென்சீஸ் கோட்டை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அபர்ஃபெல்டி ஊருக்குப் பக்கத்தில், வீம் என்ற சிற்றூரில் இருக்கிறது அது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம். நடுவே நீளமான மாளிகை, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கோபுரங்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘இசட்’ எழுத்துப் போல இருக்கும். ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் இரண்டிரண்டு பக்கச் சுவர்களை ஒட்டிச் சுடலாம், அதற்காகவே இந்த அமைப்பு. 1746 பிப்ரவரியில், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிக் கிளர்ந்த இளவரசர் சார்லஸ், தாம் தோற்றுப்போன கலோடன் போருக்கு இரண்டு மாதம் முன்னால், இங்கே இரண்டு இரவு தங்கினார். நம்மவர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொரு விருந்தாளியும் உண்டு. பஞ்சாபையும் கோஹினூரையும் இழந்து, சிறுவயதிலேயே பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்ட மகாராஜா துலீப் சிங் 1850களில் இங்கே சில ஆண்டுகள் குடியிருந்தார். ‘பெர்த்ஷயரின் கறுப்பு இளவரசர்’ என்று ஊர்க்காரர்கள் அவரை அழைத்தார்கள்.

1910இல் கோட்டைக்குச் சொந்தக்காரரான குலத்தலைவர் சர் நீல் மென்சீஸ் வாரிசில்லாமல் இறந்தார். நேரடி வம்சம் அதோடு முடிந்தது. கோட்டை கைமாறியது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து ராணுவம் அங்கே மருந்துக் கிடங்கு வைத்திருந்தது. அப்புறம் கேட்பாரில்லை. கூரை ஒழுகி, தளங்கள் உளுத்துப்போய், இடிப்பதா வேண்டாமா என்ற நிலையில் இருந்த கட்டடத்தை 1957இல் மென்சீஸ் குலச் சங்கம் வாங்கியது. 1892இல் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர்கள் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, நியூசிலாந்து என்று சிதறிக் கிடப்பவர்கள். பலர் கோட்டையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் சந்தாவும் நன்கொடையுமாகச் சேர்த்து, எழுபதுகளில் மராமத்தைத் தொடங்கி, அறை அறையாகத் தூக்கி நிறுத்தினார்கள். இப்போது அது ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. யாருக்கும் சொந்த வீடல்ல.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரே குலப்பெயர் என்றால் ஒரே ரத்தம் என்று பொருளல்ல. தலைவருடைய நிலத்தில் குடியானவர்களாக இருந்தவர்களும் அவர் பெயரையே தங்கள் பெயராக ஏற்பது அந்தக் காலத்து வழக்கம். ஆக, இன்றைக்கு ‘நம் முன்னோர் கோட்டை’ என்று காசோலை அனுப்புபவர்களில் பலருடைய முன்னோர் உள்ளே விருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள், வெளியே கல் சுமந்திருப்பார்கள். எஜமான் வம்சம் கைவிட்டதைக் குடியானவர் வம்சம் காசு போட்டு மீட்டிருக்கிறது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோட்டைமேல் அவர்களுக்குத்தான் உரிமை அதிகம் என்பது என் கட்சி.

தனி ஆள் பொறுப்பில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மல் தீவிலுள்ள டுவார்ட் கோட்டையைப் பாருங்கள். மக்லீன் குலத்தலைவர் சர் ஃபிட்ஸ்ராய் அதை 1911இல் மீட்டுக் கட்டினார். நூறு வயது தாண்டி வாழ்ந்த மனிதர், சாதித்தும் காட்டினார். ஆனால் அட்லாண்டிக் மழை யாருக்கும் அடங்காது. சில ஆண்டுகளுக்கு முன் குளிர்காலப் புயல்களில் உட்கூரை பெயர்ந்து விழுந்தது. பரம்பரையாக வந்த ஒரு குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவா அது? அரசு மானியம் ஒரு பக்கம், உலகெங்கும் உள்ள மக்லீன்களிடம் கையேந்துவது ஒரு பக்கம் என்றுதான் வேலை நடக்கிறது. பாரா தீவிலுள்ள கிசிமுல் கோட்டையை மெக்னீல் தலைவர் வேறு வழியில் காப்பாற்றினார். அமெரிக்கக் கட்டடக் கலைஞரான அவருடைய தந்தை 1937இல் வாங்கிச் சீரமைத்த கோட்டை அது. மகன் அதை 1000 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் ஒப்படைத்தார். வாடகை ஆண்டுக்கு ஒரு பவுண்டும் ஒரு பாட்டில் விஸ்கியும்! அவர் ஒப்பந்தச் சட்டத்தில் பெரிய பேராசிரியர் என்பது கூடுதல் தகவல்.

செலவு ஏன் முடிவதே இல்லை என்று கேட்பீர்கள். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. உள்ளே இறங்கும் ஈரம் அந்தச் சாந்து வழியாகவே வெளியேறிவிடும். இருபதாம் நூற்றாண்டில் ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று பல இடங்களில் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார்கள். ஈரம் போக வழியில்லாமல் கல்லுக்குள் தங்கி, பனியில் உறைந்து, கல்லையே உரிக்கிறது. இங்கே ஒரு பழைய பண்ணை வீட்டில் கொத்தனார் உளி வைத்துச் சிமெண்டைத் தட்டி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சிமெண்டுச் சில்லோடு கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது, பின்பக்கம் ஈர மணலாக உதிர்ந்தது. சரி, சுண்ணாம்பு வைத்துத் திரும்பப் பூசலாம் என்றால், வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் அது சரியாக இறுகாது. அதனால் ஸ்காட்லாந்தில் கோடையை விட்டால் வேலை இல்லை.

இதற்கு மேல் வரி. புதிதாக வீடு கட்டினால் வாட் கிடையாது, பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தால் 20 சதவீதம். பழையதைக் காப்பாற்று என்று ஒரு கையால் சட்டம் போட்டுவிட்டு, மறு கையால் பிடுங்குகிற வேலை இது. உள்ளூரில் வரி கட்டுபவர் ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்தால், அறக்கட்டளை அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் கோரிப் பெறலாம். மெல்பர்னிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ வரும் பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனால் குலச் சங்கங்களுக்கு ஆள்பலம் அங்கேதான்.

குலச் சங்கங்கள்மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. கூரைக்கு, கொடிக்கம்பத்துக்கு, பெயர் பொறித்த பலகைக்கு என்றால் பணம் வந்துவிடும். மழைநீர்க் குழாயில் அடைத்த இலையை அள்ள, ஈயத் தகட்டில் விழுந்த விரிசலை அடைக்க என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலான கோட்டைகள் சீரழிய ஆரம்பிப்பது அந்த இலையில்தான்.

அடுத்த இதழில் ஐலீன் டோனன் படக்குறிப்பைத் திருத்திவிடுங்கள். உங்கள் வாசகர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால், அபர்ஃபெல்டியிலிருந்து மென்சீஸ் கோட்டைக்கு ஒன்றரை மைல்தான், நடந்தே போகலாம். குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெர்த், ஸ்காட்லாந்து.