கோச்சியில் வந்த கொச்சிக்காய்: எங்கள் ஞாயிறுக் கூட்டத்தின் நன்றி மடல்

அன்புள்ள அம்மம்மா, உம்மும்மா, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஐயா, தப்பு மேளம் அடித்த தம்பி, மற்றும் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு மாலை வெள்ளவத்தையில் எங்கள் பிள்ளைகள் 23 பேர் மேடையேறினார்கள். பாட்டு, நொடி (விடுகதை), கதை, கூத்து என்று ஒரு மணித்தியாலம். அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோசம். ஒவ்வொருவரையும் வீட்டில் வந்து கண்டு நன்றி சொல்வதுதான் முறை. ஆனாலும் நீங்கள் செய்ததை நாலு பேர் அறியவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளைத் தமிழில் பேசப் பழக்கும் இந்த ஞாயிறுக் கூட்டத்தைச் சென்ற ஆடி மாதம் தொடங்கியபோது நான் பிழையான வழியில்தான் போனேன். பிள்ளை வாய் திறந்தவுடன் திருத்தினேன். "பளம்" என்றால் "பழம்" என்று பத்துத் தரம் சொல்ல வைத்தேன். மூன்றாம் கிழமை பாதிப் பேர் வரவில்லை. அன்றைக்குத்தான் அம்மம்மா, நீங்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை, அதுகள் என்ன சொல்ல வருகுதுகள் எண்டு முதல் கேளும். பிழையைப் பிறகு பாப்பம்" என்றீர்கள். அந்தச் சொல்லுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

அடுத்த கிழமை நீங்களே பாயில் இருந்து, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைக் கடகடவென்று சொன்னீர்கள். 1878இல் பிறந்து 1953இல் மறைந்த அந்தத் தங்கத் தாத்தாவின் பாட்டை நீங்கள் சாவகச்சேரியில் ஆறு வயதில் கேட்டதாம். கூழ் என்றால் என்னவென்றே தெரியாமல் பிள்ளைகள் முழித்தார்கள். மற்றக் கிழமை ஒரு பானை கூழும் ஒரு கட்டுப் பலாவிலையும் வந்து சேர்ந்தன. மடித்த இலையில் கூழைக் குடித்துக்கொண்டே பாட்டைச் சொன்ன பிள்ளைகளை யாரும் பாடமாக்கச் சொல்லவில்லை, தானாக வந்தது. ழகரத்துக்கும் நீங்கள்தான் வழி காட்டினீர்கள். வாழைப்பழத் தோலில் கிழவன் வழுக்கி விழுகிற பழைய நாப்புரட்டில், ழ வருகிற இடமெல்லாம் பிள்ளைகளும் வழுக்கி விழவேண்டும். விழுகிற ஆசையிலேயே நாக்கு மடிந்தது!

உம்மும்மா, தெமட்டகொடையிலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தீர்கள். அக்கரைப்பற்றுத் தமிழில் நீங்கள் கதை சொன்னபோது நடுவில் "கோச்சி" வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ரயில் தெரியும், ட்ரெயின் தெரியும், கோச்சி தெரியாது. ஒரு சின்னவள் எழும்பி, "அது உறைக்குமா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் மிளகாயைக் கொச்சிக்காய் என்று சொல்வதை அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் பிழை என்று சொல்லவில்லை. "உறைக்கும் மகள், கொச்சிக்காய் ஏத்தி வந்தா உறைக்குந்தானே" என்றீர்கள். அதிலிருந்து ஆளுக்கொரு வரியாகப் பிள்ளைகள் கட்டிய பாட்டு இது:

கோச்சி வருது கோச்சி வருது
கொச்சிக்காய் ஏத்தி வருது
மூச்சு முட்டித் தும்முது
மூண்டு பெட்டி கழருது!

மேடையில் இந்தப் பாட்டு நடக்கும்போது கடற்கரைப் பக்கம் உண்மையான ரயில் ஒன்று போனது. இடமே அதிர்ந்தது. முன்னுக்கு நின்ற ஒன்பது வயதுப் பொடியன், மாதக் கணக்காக என்னோடு தலையாட்டி மட்டும் கதைத்தவன், கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். கடைசிப் பெட்டி போகும்வரை காத்திருந்தான். பிறகு, "அதுவும் தும்மிப் போட்டுப் போகுது" என்றான். அது நாங்கள் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. அவனுடைய அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

அண்ணாவியார் ஐயா, மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைக் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிப் பிள்ளைகளுக்குப் பழக்க முடியுமென்று நான் நம்பவில்லை. "வாயில வந்தாத்தான் காலில வரும்" என்று, ஒரு மாதம் முழுக்கத் தாளக்கட்டுச் சொற்களை வாயால் மட்டும் சொல்ல வைத்தீர்கள். ஆறாம் கிழமை சலங்கை கட்டியபோது கால்கள் தாமாகவே போயின. எழுத்துக் கூட்டவே கஷ்டப்படும் ஒரு பிள்ளை பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் முழு வரவுப் பாட்டையும் பிசகாமல் பாடினாள்.

புறக்கோட்டைத் துணிக்கடையில் கிழமையில் ஆறு நாளும் நிற்கிற தம்பி, உங்களுக்குக் கிடைக்கிற ஒரே லீவு நாளையும் எங்களுக்குத் தந்தீர்கள். மஸ்கெலியாவில் மாசி மாதம் காமன் கூத்துக்கு அப்பா அடித்த தப்பைக் கொண்டுவந்து, கட்டடத்துக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினீர்கள். "சூடு ஏறினாத்தான் கணீர்னு பேசும், தொட்டுப் பாருங்க" என்றீர்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று தோலைத் தொட்டுப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன்.

யாழ்ப்பாணம், கிழக்கு, மலையகம் என்று எல்லா ஊர்த் தமிழும் ஒரே பாயில் வந்து இருப்பது கொழும்பில்தான் இவ்வளவு இலகு. "வாங்கோ", "வாங்க" இரண்டையும் இப்போது பிள்ளைகள் ஆளைப் பார்த்து மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இந்தக் கொடுப்பினையைத் தந்தது நீங்கள்.

மேடையேற இரண்டு நாள் இருக்கும்போது, ஒத்துக்கொண்ட மண்டபம் இல்லையென்று வந்துவிட்டது. அன்றிரவே வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் கீழ்த்தளத்தைக் கூட்டிக் கழுவித் தந்த குடும்பத்துக்கும், கதிரை தந்தவர்களுக்கும், றோல்ஸும் பிளேன்ரீயும் கொண்டுவந்த அன்ரிமாருக்கும் நன்றி. 1942இலிருந்து இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலிருந்து பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எடுத்து வாசித்தோம், அதற்கும் நன்றி. பெற்றோரே, பிள்ளை வசனத்தை மறந்து நின்றபோது கீழேயிருந்து எடுத்துக் கொடுக்காமல் பொறுத்திருந்தீர்களே, அது பெரிய உதவி. அந்த நாலு செக்கனில் அவர்களே ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அண்ணாவியார் ஐயா, உங்களுடைய சல்லரி (கைத்தாளம்) ஒரு சோடி என்னிடம் தங்கிவிட்டது. வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன். பிள்ளைகள் அதுவரைக்கும் அதைத் தங்களிடம் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். உங்கள் சம்மதம் இருந்தால் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஞாயிறுக் கூட்டத்து ரீச்சர்
வெள்ளவத்தை