பெங்களூரு மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி பிறந்தால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து பெங்களூரு லால்பாக் பூங்காவின் குடியரசு தின மலர்க் கண்காட்சிக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறோம். பாதிப் பொழுது சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே போய்விடுகிறது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்துவிட்டது. ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் பேருந்தை விட்டு இறங்கி மெட்ரோ ஏறினால், கடைசி நிலையம் ஆர்.வி. ரோடு. அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். பொம்மசந்திராவில் பேருந்து நிற்குமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சில்க் போர்டு பக்கம்தான் இறங்க முடியும்.

ஜனவரி 26 அன்று கண்ணாடி மாளிகையில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். கண்காட்சி தொடங்கிய ஓரிரு நாளில், வார நாளில், காலையிலேயே உள்ளே இருப்பது நல்லது. நாள் போகப் போக இதழ் ஓரம் பழுத்து, அலங்காரம் களையிழந்துவிடும். லால்பாக்குக்குள் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழசு. பலர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பனி ஈரத்தில் அது வழுக்கும், தேய்ந்த ரப்பர் செருப்போடு ஏற வேண்டாம். விடியலில் ஸ்வெட்டர் தேவை, பத்து மணிக்கு மேல் அது கைச்சுமை.

பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமையைத் தவிர்க்கவும், அன்று விடுமுறை. நிலக்கடலைப் பிரியர்களுக்கு இன்னொன்று: கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய்த் திருவிழா. லால்பாக்குக்கு அடுத்த நிலையமான நேஷனல் காலேஜில் இறங்கலாம். கன்னடர்களின் கார்த்திகை மாதம் அமாவாசையோடு முடிவது, அதனால் நம் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போனால் தேதி தவறிவிடும்.

வாசகர்கள் சிலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.