சைடு ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் புதுமடத்துக்காரன். கருவாட்டு வியாபாரம். நெத்திலி, சீலா, திருக்கை என்று பெட்டி கட்டி, பைக்கில் வைத்து, உச்சிப்புளியில் தொடங்கி ராமநாதபுரம் வரை கடை கடையாகப் போடுவேன். போன ஆடியில், காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில், பாம்பன் பாலத்தில் விழுந்துவிட்டேன். (பாலத்தின் மேல் காரை நிறுத்திவிட்டுப் புது ரயில் பாலத்தைப் படம் எடுப்பவர்களைப் பற்றி எழுதினால் அது தனிக் கடிதமாகிவிடும்.) வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர்.

கால் கட்டிலில் கிடந்தது, வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. மழை, காற்று படக் கூடாது என்று மகன் நீலத் தார்ப்பாயைப் போட்டு, கயிற்றால் இறுகக் கட்டிவிட்டான். இருபது நாள் கழித்து மெக்கானிக் தம்பி என்னைப் பார்க்க வந்தவர், போகிற போக்கில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். உள்ளே வேர்த்துக் கொட்டியிருந்ததாம். ஸ்போக்ஸ் கம்பி முழுக்க மஞ்சள் துரு. செயின் ஒவ்வொரு கண்ணியும் அப்படியே மடங்கிய நிலையில் இறுகிப்போயிருந்தது. தென்கடல் காற்று கொண்டுவந்த உப்பு வண்டி மேல் படிந்து கிடக்கிறது, அந்த உப்பு ஈரத்தை இழுக்கிறது, ஈரம் வெளியேற முடியாமல் தார்ப்பாய் மூடிக்கொள்கிறது. என் வண்டிக்குக் கடல் உப்பு போதாதென்று இத்தனை வருடக் கருவாட்டு உப்பும் சேர்ந்திருக்கும்.

அப்புறம் அவர் சொன்னபடி செய்தோம். நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார். எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் என்றால் என்னவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் வந்த அன்றைக்குப் பிடித்து வைத்த குடங்களில் ஆறு குடம் பைக்குக்குப் போனது. வீட்டுக்காரம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். செயினுக்கு எண்ணெய், பேட்டரியில் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தல், டேங்க் சுவரில் ஈரம் கோக்காமல் இருக்கப் பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்புதல், கார்புரேட்டரில் தேங்கியதை வடித்துவிடுதல், சைலன்சர் வாயில் ஒரு துணிப் பந்து. தார்ப்பாய்க்குப் பதில் பழைய நூல் சேலை. வாடை தொடங்குவதற்கு முன்பே திண்ணையில் ஏற்றி, பலகை மேல் டபுள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான் மகன். கார்த்திகையில் பேட்டரி வயரை மாட்டி உதைத்தபோது நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது. உதைத்தவன் மகன்தான், நான் கம்பூன்றி நின்று பார்த்தேன்.

நான் எழுத வந்த விஷயம் இனிமேல்தான்.

மார்கழி முதல் கொஞ்ச தூரம் ஓட்டலாம், பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் அனுமதி கொடுத்தார். வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை வண்டியில் வந்து, அங்கே ஒரு டூவீலர் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் ராமநாதபுரம் போய் கடை வசூலை முடித்துத் திரும்புகிறேன். எந்த ஸ்டாண்டு என்று சொல்லவில்லை. விசாரித்தவரை எல்லா இடத்திலும் இதே கதைதான்.

முதல் நாள் சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். டோக்கன் கிழிக்கும் பையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, டபுள் ஸ்டாண்டு போடுங்க. சாய்ச்சு விட்டா ரெண்டு வண்டி இடம் போயிரும்" என்றான். அவன் சொன்னது அவன் கணக்குக்குச் சரி. ஆனால் டபுள் ஸ்டாண்டு போடுவதை யோசித்துப் பாருங்கள். இடது பக்கம் நின்று, வலது காலால் ஸ்டாண்டை மிதித்து, உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கித்தான் வண்டியைப் பின்னால் ஏற்ற முடியும். ஸ்டாண்டு மிதிக்க வலது கால், கிக்கர் உதைக்க வலது கால், பின் பிரேக்குக்கும் வலது கால். எனக்குப் பிளேட் இருப்பதும் அதே கால். அன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற ஒரு தம்பி ஏற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, இடது காலால் மிதித்துப் பார்த்தேன். அந்த ஸ்டாண்டில் தரை கிடையாது, வெறும் கடற்கரை மணல். ஸ்டாண்டின் ஒரு கால் புதைந்தது, வண்டி மறுபக்கம் சாய்ந்தது, அடுத்த வண்டி, அதற்கடுத்தது என்று ஏழு வண்டி வரிசையாகப் படுத்தது. நான் நடுவில் கம்போடு நிற்கிறேன். ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்ததற்கு 300 ரூபாய் கொடுத்தேன். பையன் திட்டவில்லை, அதுவே பெரிய விஷயம். அன்றிலிருந்து ஒரு உடைந்த ஓட்டுச் சில்லை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் அதைப் போட்டு, வரிசைக்கு வெளியே, வெயிலில், கருவேல முள்ளுக்குப் பக்கத்தில் விடுகிறேன். நாள் வாடகை மட்டும் எல்லோருக்கும் போல 10 ரூபாய்.

கால் முறிந்து தேறி வருகிறவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள் என்று எத்தனையோ பேர் வண்டியை ஏற்றி நிறுத்த முடியாமல் தினமும் தடுமாறுகிறார்கள். ஸ்டாண்டுகளைக் குத்தகைக்கு விடும் நகராட்சியும் ஊராட்சிகளும் அடுத்த ஏலத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். வாசலை ஒட்டி ஐந்து வண்டிக்கு இடம், அங்கே சிமெண்டுத் தரை, சைடு ஸ்டாண்டில் விட அனுமதி. வண்டியை எடுக்கும்போது வெளியே தள்ளிக் கொடுக்க ஓர் ஆள், அது அந்த டோக்கன் பையனே செய்யலாம். குத்தகைக்காரருக்கு நஷ்டம் என்றால் அந்த ஐந்து வண்டிக்கு 5 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்ளட்டும். நான் கொடுப்பேன்.

இன்னொன்று, முடிந்தால். ஆஸ்பத்திரியில் சேர்ந்து மாதக்கணக்கில் வண்டியை விட்டுவைப்பவர்களுக்கு நாள் வாடகை போடாமல் மாத வாடகை போட்டு, கடல் பக்கம் தகரத் தடுப்பு உள்ள மூலையில் வைக்கலாம். தார்ப்பாய் மட்டும் போட வேண்டாம்.

கண்ணாடிக்குக் கொடுத்த 300 ரூபாயை நான் திரும்பக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி ஒருவர்,
புதுமடம், ராமநாதபுரம் மாவட்டம்.